பேடிமெலனின் ஸ்பேஸ்பார்

ஸ்பேஸ்பாரைப் பெரும்பாலானவர்கள் வலது கட்டைவிரலால்தான் தட்டுவார்கள். நான் இடது. லான்செஸ்டன் நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருடம் அப்படித்தான் தட்டினேன். திருடர்கள், கணவனைத் தள்ளிவிட்டவர்கள், பக்கத்து வீட்டு ஆட்டை விற்றவர்கள் என்று எத்தனையோ பேரின் வாக்குமூலம் என் கைவழியாகப் போயிருக்கிறது. அதனால் எப்படி எழுதுவது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ராண்டா. வியாழக்கிழமைக்குள் கமிட்டிக்கு எழுத்தில் கொடு என்று கேட்டாய். இதோ.

நம் கீபோர்டு சங்கத்தில் கேம்ரன் நெட்டில்ஃபோல்டைப் பிடிக்காதவர்கள் இல்லை. பகலில் பல் செட் செய்கிறார், மாலையில் கராஜில் கீபோர்டு செய்கிறார். மூன்று வருடம் உழைத்து அந்தச் சின்னக் கீபோர்டைக் கொண்டுவந்தார். அறுபத்து நான்கு விசைதான், ஒயர் கிடையாது. வால் குட்டையான ஒரு குட்டிக் கங்காரு வகையின் பெயரையே அதற்கு வைத்தார்: பேடிமெலன். நாம் கூடும் பௌல்ஸ் கிளப் ஹாலில் அதை மேசைமேல் வைத்து, சட்டைக் கையால் ஒருமுறை துடைத்தார். "இதுவும் ஓடலேன்னா கராஜைக் காலி பண்ணிடணும்னு வீட்ல சொல்லிட்டாங்க" என்றார்.

வழக்கம்போல மாதிரி கீபோர்டைச் சுற்றுக்கு விட்டோம். ஆளுக்கு ஒரு வாரம், எட்டுப் பேர், கூடவே ஒரு நோட்டு. தட்டிப் பார்க்கலாம், கருத்து எழுதலாம், திறக்கக் கூடாது. விதி எனக்குத் தெரியும். அதை டைப் அடித்துச் சுவரில் ஒட்டியதே நான்தான்.

முதல் வாரம் டெஸ் ட்ரிஃபிட். ஒன்பது வருடமாக ஹாலில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவருக்கு. நம் காதுப் போட்டியில் ஒன்பது வருடமும் முதல் பரிசும் அவருக்குத்தான். திரைக்குப் பின்னால் யாராவது தட்டுவார்கள், எந்தக் கீபோர்டு, விசைக்கு அடியில் எந்தச் சுவிட்ச் என்று சொல்ல வேண்டும். டெஸ் தட்டுகிறவரின் பெயரையும் சேர்த்துச் சொல்வார். ஒன்பது வருடமும் இரண்டாம் இடம் யாருக்கு என்பது இங்கே முக்கியமில்லை.

டெஸ் நோட்டில் எழுதியது மூன்றே வரி. "ஸ்பேஸ்பார் இடது ஓரம் ஆடுகிறது. சுவிட்செல்லாம் வறட்டுச் சத்தம். இப்படியே ஆர்டர் எடுக்காதே, கேம்ரன்."

இரண்டாம் வாரம் என்னிடம் வந்தது. திங்கட்கிழமை தட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. பிறகு நோட்டைப் படித்தேன். படித்த பிறகு எனக்கும் கேட்டது.

கேம்ரனை நினைத்துப் பாவமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை நான்கு ஸ்க்ரூவை மட்டும் கழற்றி, ஸ்பேஸ்பாருக்கு அடியில் ஒரு பொட்டு கிரீஸ் வைத்தேன். அது திறந்ததாகாது, எட்டிப் பார்த்தது. ஸ்பேஸ்பார் அமைதியானதும் மற்ற விசைகளின் சத்தம் தூக்கலாகத் தெரிந்தது. புதன்கிழமை உட்கார்ந்து மெல்லிய தூரிகையால் அறுபத்து நான்கு சுவிட்சுக்கும் தடவினேன். வியாழக்கிழமை அந்தச் சுவிட்சுகளையே எடுத்துவிட்டு, ஆறு வருடமாக நான் பத்திரப்படுத்தியிருந்த ஜப்பான் சுவிட்சுகளைப் போட்டேன். உள்ளே காலியிடம் எதிரொலித்ததால் என் யோகா விரிப்பில் ஒரு துண்டு வெட்டி வைத்தேன். அதற்குப் பேட்டரி இடைஞ்சலாக இருந்தது. பழைய கீபோர்டு ஒன்றிலிருந்து சின்னப் பேட்டரியை எடுத்து மாற்றினேன். வெள்ளிக்கிழமை மாலைக் கணக்குப்படி, அதில் கேம்ரனுடையது வெளிக்கூடும் பெயரும்தான். ஸ்க்ரூவையும் மாற்றியிருந்தேன்.

மூடுவதற்கு முன் உள்பக்கம் பென்சிலால் என் முதலெழுத்துகளைப் போட்டு 'எம்.ஜி., மார்ச் 14' என்று எழுதினேன். ஒரு கீபோர்டில் கை வைத்தவர் உள்ளே பெயர் எழுத வேண்டும் என்பது நம் வழக்கம். அதை மீறுவது நேர்மை ஆகாது.

நோட்டில் "அருமை" என்று எழுதி மூன்றாம் ஆளுக்கு அனுப்பினேன்.

மற்ற ஆறு பேரும் என்ன எழுதினீர்கள் என்பது உனக்கே தெரியும். "கூழாங்கல்லு தண்ணிக்குள்ள விழுற மாதிரி" என்றவள் நீ. சார்ஜ் இரண்டு நாள்தான் நிற்கிறது என்பதைத் தவிர ஒரு குறை யாரும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்திலேயே நூற்றுப் பன்னிரண்டு ஆர்டர். கேம்ரன் அழுதேவிட்டார்.

"டெஸ், அடுத்த தடவை காதைக் கழுவிட்டு வாப்பா" என்று பின்வரிசையிலிருந்து யாரோ சொன்னார்கள்.

"காது இல்லப்பா, வயித்தெரிச்சல்" என்றார் இன்னொருவர்.

டெஸ் எழுந்துபோய் ஸ்பேஸ்பாரை இடது ஓரத்தில் அழுத்தினார். திரும்ப அழுத்தினார். குனிந்து காதை வைத்து அழுத்தினார். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்குக் கேட்டுச்சே, மெர்ல்."

"கேட்டிருக்கும், டெஸ்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை.

காது மருத்துவமனைக்கு அவரை அழைத்துப்போனதும் நான்தான். அவருக்கு ஊருக்குள் கார் ஓட்டப் பிடிக்காது. சோதித்த பெண், "எழுபத்திரண்டு வயசுக்கு அபாரமான காது சார்" என்றாள். டெஸ் நம்பவில்லை. "இல்லாத சத்தம் கேட்டுச்சும்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "எதுக்கும் காது மெஷின் போட்டுக்கோயேன்" என்றேன்.

இரண்டு பழுப்பு நிறக் கருவிகள். போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் தன் சட்டை உரசுவது கேட்கிறது என்றார். ஜூன் மாதக் காதுப் போட்டியில், மூன்றாம் வரிசையில் யாரோ சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்க, பத்துக்கு மூன்றுதான் சரியாகச் சொன்னார். நான் ஏழு. கோப்பை என் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. தினமும் துடைக்கிறேன்.

ஆகஸ்டில் நூற்றுப் பன்னிரண்டு பேடிமெலன்களும் எல்லார் வீட்டுக்கும் தபாலில் வந்தன. தனக்கு வந்ததைத் தட்டிப் பார்த்துவிட்டு டெஸ் எனக்கு ஃபோன் செய்தார்.

"மெர்ல், இந்தக் காது மெஷின் கெட்டுப்போச்சு. அந்த ஆட்டம் மறுபடியும் கேக்குது."

"சத்தத்தைக் குறைச்சு வச்சுப் பாரு."

"குறைச்சுட்டேன். கழட்டியே வச்சுட்டேன். அப்பவும் கேக்குது."

"அப்ப டாக்டர்கிட்டதான் காட்டணும்" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நூற்றுப் பன்னிரண்டு பேரின் ஸ்பேஸ்பாரும் ஆடியது. சுற்றுக்கு விட்ட அந்த மாதிரி கீபோர்டைக் கேம்ரன் திறந்து பார்த்தார். யோகா விரிப்பையும் பென்சில் எழுத்தையும் படம் எடுத்து உனக்கு அனுப்பினார். அவர் என்மேல் கோபப்படவில்லை என்று கேள்விப்பட்டேன். அந்தச் சுவிட்சுகள் எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டாராம்.

ஆக, கீபோர்டைத் திறந்தவள் நான். மாற்றியவள் நான். ஒரு நல்ல காதுக்காரரை ஐந்து மாதம் தன் காதையே நம்பாமல் செய்தவள் நான் என்று நீ சொல்கிறாய். மூன்றாவதை நான் வேறு மாதிரிச் சொல்வேன், ஆனால் கையெழுத்துப் போடுகிறேன். கோப்பைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏழு சரியாகச் சொன்னது என் சொந்தக் காது.

டெஸ்ஸிடம் நானே நேரில் சொல்ல வேண்டும் என்பது உன் நிபந்தனை. இப்போது அவர் என் சமையலறையில்தான் இருக்கிறார். தேங்காய்ப்பூவில் உருட்டிய லாமிங்டன் கேக் கொண்டுவந்திருக்கிறார். காதுக் கருவிகள் இரண்டும் சார்ஜில் கிடக்கின்றன. நான் இந்தப் பக்கம் தட்டிக்கொண்டிருக்க, அவர் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்று கெட்டிலில் தண்ணீர் பிடிக்கிறார்.

"என்ன அடிக்கிற?" என்றார்.

"கமிட்டிக்கு ஒரு கடிதம்."

"இது உன் பழைய கீபோர்டுதானே?"

"ஆமாம்."

குழாயை மூடினார். "இதுலயும் ஸ்பேஸ்பார் இடது ஓரம் ஆடுதே, மெர்ல். ரொம்ப நாளாவே ஆடுதுன்னு நினைக்கிறேன். உன்கிட்டச் சொல்லத்தான் கஷ்டமா இருந்துச்சு."

கையை நிறுத்தினேன். இடது கட்டைவிரலால் முப்பது தடவை, மெதுவாக, தனித்தனியாக அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

பாவம். அவருக்கு இன்னும் நல்ல கருவியாகப் பார்த்து வாங்கித்தர வேண்டும்.