முப்பது வாட் மிஷின்

— இதுவும் பத்தலை, ஏகாம்பரம். குழந்தை கிணத்துக்குள்ளேர்ந்து பாடறாப்ல இருக்கு. உன் கடையில முப்பது வாட் ஆம்ப்ளிஃபையர் இருக்கே, அதைக் கொண்டான்னா, இந்தச் சுண்டைக்காயைத் தூக்கிண்டு வந்திருக்கே.

— அது திருவிழாவுல குழாய் கட்டுற மிஷினு சாமி. இது வூட்டுக்குள்ள வச்சிக் கேக்குற ஸ்பீக்கரு. உங்க மச்சினரு சிங்கப்பூர்லேந்து கொண்டாந்த ஜோடி, இந்த உத்திரமேரூர்ல வேற யாராண்ட கீது? இதுக்குப் பத்து வாட்டு தாராளம்.

— என்ன முணுமுணுக்கறே? வாயைத் தெறந்து சொல்லு.

— பத்து வாட்டே தாராளம்னு சொன்னேன் சாமி.

— தாராளமாவது. எங்க ஜலஜா சன்னதியில நின்னு பாடினா தெருக்கோடிவரைக்கும் கேக்கும். அவ போனப்புறம் இந்த டேப்புல இருக்கற ஒரே ஒரு பாட்டுதான் மிச்சம். அதையாவது முழுசாக் கேக்க வேண்டாமா? நகரு. டேப்பைப் பின்னால சுத்தி இன்னொரு தரம் வச்சுப் பாக்கறேன்.

— நாச்சியாரம்மா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. வால்யூமை முழுக்கத் திருப்பி வச்சிக்கினு, பொட்டி மேலயே காதை வச்சிக்கினு, இன்னமும் பத்தலைன்றாரே. தெருவுல போற மாடுங்க மிரளுது. ஒரே பேஜாரா கீதும்மா.

— அவருக்குக் காது போயிடுத்து, ஏகாம்பரம்.

— மெல்லமா சொல்லுங்கம்மா. இங்கதான கீறாரு, காதுல வுழப்போவுது.

— விழாது. கிட்டக்க நின்னு கத்தினாத்தான் கொஞ்சம். ராஜகுளத்துல, புக்காத்துல, மாசம் நெறையறதுக்கு முன்னாலயே வலி கண்டு ஜலஜா போனாளே, அப்போலேர்ந்து கொஞ்சங்கொஞ்சமாப் போயிண்டிருக்கு. கோயில்ல எல்லாரும் பாசுரத்தை முடிச்சுட்டு நிக்கறா, இவர் மட்டும் சேவிச்சிண்டே இருக்கார். பாவம்னு யாரும் வாயைத் தெறக்கலை. இவரானா ஸ்பீக்கர் சரியில்லை, மிஷின் சரியில்லைங்கறார்.

— அப்ப எந்த மிஷினு மாத்தியும் பிரயோஜனம் இல்லம்மா. காஞ்சிபுரத்துக்கு இட்டுக்கினு போயி டாக்டராண்ட காட்டுங்க. இந்தச் சின்னது இங்கயே இருக்கட்டும்.

— வேண்டாம். இதை எடுத்துண்டு போயிடு. அவர் கேக்கற பெரிசையே கொண்டுவந்து மாட்டு.

— என்ன சொல்றா இவ? சின்னதே போதுங்கறாளா?

— ஏன்னா, பெரிசே இருக்கட்டும்னு சொன்னேன். பெரிசு.

— பாத்தியா, ஏகாம்பரம்? பெத்தவளாச்சே, அவளுக்கும் ஆசை இருக்காதா? இரு, டேப் சிக்கிண்டுடுத்து.

— இன்னாம்மா, நீங்களுமா? அத்த மாட்டி இவரு இப்பிடித் திருப்புனா உள்ள காயிலு கருகிப்பூடும். ரெண்டு ஸ்பீக்கரும் போச்சி. இதுக்கு சாமான் மெட்ராஸ்லயே கெடைக்காது.

— கருகினா அப்புறம் சத்தமே வராதோல்லியோ?

— வராதும்மா. சாமி பொட்டி முன்னால சும்மாதான் ஒக்காந்துனு இருக்கணும்.

— இப்போ மட்டும் என்ன பண்றார்?

— இருந்தாலும் உங்க பொண்ணு கொரலும்மா. தெரிஞ்சே நான் எப்பிடி மாட்டுவேன்?

— பாட்டு முடிஞ்சதும் கடைசியில அவ பேசறாளே, கவனிச்சியோ? 'போதுமாம்மா?'ன்னு கேக்கறா. விடிஞ்சதுலேர்ந்து வெளக்கு வைக்கறவரைக்கும் இந்த ஆத்துல அதையே கேட்டுண்டிருக்கா. அவருக்கு அது விழலை, ஏகாம்பரம். எனக்கு விழறது.