தொண்ணூறு பங்கு குவார்ட்ஸ்

கற்களைப் பற்றிப் படிப்பது எனக்குப் பிடிக்கும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் யாரோடும் அதிகம் பேசமாட்டேன். மகளின் பழைய அறிவியல் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

பலர் கல்லையும் கனிமத்தையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். கனிமம் என்பது தனக்கென ஒரு வேதி அமைப்பும் ஒழுங்கான படிக அடுக்கும் கொண்ட பொருள். பாறை, கனிமங்கள் சேர்ந்து உண்டாவது. கிரானைட்டை உற்றுப் பாருங்கள். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரிவது ஃபெல்ஸ்பார். மினுங்கும் கறுப்புச் செதில் மைக்கா. கண்ணாடிச் சில்லுபோல் சாம்பல் நிறத்தில் இருப்பது குவார்ட்ஸ். கிரானைட்டில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

இப்போது சமையலறை மேடைக்கு எல்லாரும் கேட்கும் செயற்கைக் கல்லில் அது நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு. குவார்ட்ஸைப் பொடித்துப் பசையில் இறுக்கிய பலகை அது. அறுக்கும்போது எழும் தூளில் மிக மெல்லியது கண்ணுக்கே தெரியாது. நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கித் தழும்பாகும்.

இது எனக்கு நான்கு வருடங்களாகத் தெரியும்.

மெர்லிமா என்ற சின்ன ஊரில் அந்த மேடைகள் செய்யும் பட்டறை ஒன்றில் நான் சூப்பர்வைசர். அறுக்கும்போது பிளேடின் மேல் தண்ணீர் விழுந்துகொண்டிருக்க வேண்டும். தூள் எழாமல் சேறாகிவிடும். ஆனால் ஈரப் பலகை காய அரை நாள் ஆகும், காயாமல் ஓரம் ஒட்ட முடியாது. தீபாவளிக்கு முன் வேலை குவிந்தபோது குழாயை மூடினேன். முதலாளி சொல்லி அல்ல. தீபாவளி முடிந்த பிறகும் திறக்கவில்லை.

அறுப்பது கவிநேசன். தூள் படிந்த முகத்தோடு வந்து நின்று மனைவியைச் சொல்லிச் சிரிப்பான்.

"பவுடர் காசு மிச்சம்லா அண்ணே. திலகா பாத்தா மயங்கிருவா."

"மயங்கமாட்டா, தும்முவா," என்பான் பாலிஷ் போடும் சாமிநாதன்.

நானும் சிரித்திருக்கிறேன்.

குழாயை மூடிய இரண்டாம் வருடம் கவிநேசன் இளைத்தான், இருமினான். ரப்பர் எஸ்டேட்டில் பிறந்த தமிழர்களிடம் ஒரு பழக்கம் இன்னும் இருக்கிறது. கிளினிக், ஆபீஸ் எதுவானாலும் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்தக் காலத்தில் எஸ்டேட் கணக்குப்பிள்ளையான கிராணி. கவிநேசனுக்கு நான். பசார்க் கடைகளில் நன்றாக மலாய் பேசுபவன், டாக்டர் முன்னால் வாயைத் திறக்கமாட்டான்.

"நீங்களே சொல்லுங்கண்ணே. நான் ஏதாவது உளறிருவேன்."

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, என்ன வேலை செய்கிறான் என்று கேட்டார். கேள்வி என்னைப் பார்த்துத்தான். அலமாரி செய்யும் தச்சன் என்றேன். கல் என்ற சொல்லை நான் எடுக்கவில்லை.

சளியில் கிருமி அகப்படவில்லை. ஆனாலும் காசநோயாக இருக்கலாம் என்று ஆறு மாத மாத்திரை கொடுத்தார்கள். குழந்தைக்குத் தொற்றிவிடும் என்று பயந்து திலகா மகளோடு நியாலாஸிலிருக்கும் தாய் வீட்டுக்குப் போனாள். கவிநேசன் தனித் தட்டு, தனித் தம்ளர் வைத்துக்கொண்டான். நான் சத்துபானமாக மைலோ டின் வாங்கிக்கொண்டு போனேன். வாசலிலேயே நிற்கச் சொன்னான்.

"கிட்ட வராதீங்கண்ணே, உங்களுக்கும் ஒட்டிக்கும்."

அது கல்தூளால் வந்த, யாருக்கும் ஒட்டாத நோய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாசலிலேயே நின்றேன்.

மாத்திரை முடிந்து அவன் வேலைக்குத் திரும்பினான். தூள் படாத இடத்தில் போட்டிருக்கலாம். ஆனால் சிங்க்குக்கு ஓட்டை போட அவன் கைபோல் வேறு கை இல்லை. அதே மெஷினைக் கொடுத்தேன், தண்ணீர் இல்லாமல். பதினோரு மாதம் அறுத்தான். கடைசியில் உட்கார்ந்தபடியே தூங்கினான். படுத்தால் மூச்சு வரவில்லை. போன மாதம் இறந்துவிட்டான்.

திலகா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சொந்தக்காரங்களே பயந்தப்ப நீங்க ஒருத்தர்தாண்ணே கூடவே வந்தீங்க." வெட்கத்தில் என்னால் நிமிர முடியவில்லை. துக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

இனி உண்மையைத்தான் சொல்வேன் என்று அன்றைக்கு எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதை நம்பவும் செய்தேன்.

சாமிநாதனுக்கு மூன்று வாரமாக இருமல். இன்று காலை அதே கிளினிக்குக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் புதியவர், சின்னப் பெண். என்ன வேலை என்று அவள் கேட்டதும் சாமிநாதன் என் முகத்தைப் பார்த்தான்.

தச்சு வேலை என்றேன்.