கத்தரீனாவின் கடை மூடக்கூடாது

பிட்டு நல்லதா என்று அறிய அதை வாயில் வைக்கவே தேவையில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. பிட்டு அவிக்கிற ஓலை நீற்றுப்பெட்டியிலிருந்து தட்டில் கவிழ்க்கும்போது பார்த்தால் போதும். நல்ல பிட்டு பெட்டியின் உருவத்தோடு ஒரு கணம் நிற்கும். பிறகு தானாக உதிரும். அந்த ஒரு கணத்தைப் பார்ப்பதற்காக இந்தக் குடாநாடு முழுக்க அலைந்தவன் நான்.

பெயர் ஜோர்ஜ் துரைராஜா. காங்கேசன்துறைத் துறைமுகத்தில் சுங்க இலிகிதராக இருந்து இளைப்பாறியவன். கல்யாணம் செய்யவில்லை. என்னோடு மிசன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் சிலர் காணி வாங்கினார்கள், சிலர் கோவிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தார்கள். நான் சாப்பிட்டேன். பருத்தித்துறையில் யார் வடையைக் காகிதம்போலத் தட்டுவார்கள், சண்டிலிப்பாயில் எந்த வீட்டுப் பனங்காய்ப் பணியாரம் கசக்காது, யாழ்ப்பாணம் சோனக தெருவில் எந்தக் கடை வட்டிலப்பம் தொட்டால் நடுங்கும் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

ஆனால் எங்கே போனாலும் நான் திரும்பி வந்தது கத்தரீனாவின் கடைக்குத்தான். துறைமுகத்துக்குப் பக்கத்தில், கிடுகு வேய்ந்தது, உட்கார இரண்டு மூன்று வாங்குகள் போட்டது. உங்கள் கொன்ஸ்தாபிள்மாரும் அங்கேதான் சாப்பிட்டவர்கள். நண்டுக்கறியை இறக்கியதும் ஒரு பிடி முருங்கையிலை போட்டு மூடிவிடுவாள். அந்த மூடியைத் திறக்கும் நேரத்துக்கு நான் வாங்கில் இருப்பேன். மழையென்றாலும் காய்ச்சலென்றாலும் இருப்பேன். அவளுடைய புருசன் சிமியோன் மலாயாவில் றெயில்வேயில் இருந்தான். அவன் இல்லாத அவ்வளவு காலமும் அவள் தனியாகவே அந்தக் கடையை நடத்தினாள்.

போன வருசம் அவன் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டான். நல்ல மனிதன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வந்த கிழமையே என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான்:

"இவ்வளவு காலமும் புகைக்குள்ளை கிடந்தவள், அண்ணை. இனி அடுப்புப் பக்கம் போக விடமாட்டன். வாற மார்கழி நத்தார்ப் பண்டிகையோடை கடையைப் பூட்டிறம்."

பின்னால் நின்ற கத்தரீனா சிரித்தாள். "கேட்டீங்களே ஐயா, என்னை ராசாத்தியாக்கப் போறாராம்."

அந்தச் சிரிப்புக்குள் ஒரு துக்கம் இருந்தது என்று நான் கண்டுகொண்டேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? அப்படி ஒரு கை உள்ளவள் எப்படிச் சும்மா இருப்பாள்?

அன்றைக்கு அவன் தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்றான். ஏன் தம்பி என்று கேட்டேன். குரலைத் தணித்தான்.

"சலரோகம் அண்ணை. இனிப்பும் மாச்சாப்பாடும் தொடாதை, தொட்டால் முதல் கால் போகும், பிறகு ஆள் போகும் எண்டு டொக்குத்தர் சொல்லிப்போட்டார். கத்தரீனாவுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ. பயந்திடுவாள்."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை அவன் சாகும்வரை காப்பாற்றினேன்.

அடுத்த நாளே அவனைப் பருத்தித்துறைக்குக் கூட்டிப்போனேன். வடைதானே, அதில் சீனி இல்லையே. பிறகு மாதகலில் பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற்கூழ். அவன் பனையோலைப் பிளாவை நீட்டி நீட்டி வாங்கிக் குடித்த வேகத்தைப் பார்த்துவிட்டு, கூழ் ஊற்றிய சிவக்கொழுந்து, "உந்த ஆளுக்குப் பிளா காணாது, பானையைக் குடுங்கோ" என்றாள். பந்தலில் இருந்த எல்லோரும் சிரித்தோம். எல்லோரையும்விட அதிகம் சிரித்தவன் சிமியோன்தான். அதற்குப் பிறகு சண்டிலிப்பாய்.

"உதிலை சீனி போட்டிருக்கே அண்ணை?" என்று பணியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"பனங்காயின்ரை இனிப்பும் பனங்கட்டியும் தம்பி. அது சீனியே? மலாயாக்காரனுக்குப் பனையைப் பற்றி என்ன தெரியும்?"

ஒன்றைத் தின்றான். கண் கலங்கிவிட்டது. "அங்கை இருந்து நான் கனவு கண்டது இதைத்தான்" என்றான். மிச்சத்தையும் நான் அவன் பக்கம் தள்ளிவைத்தேன்.

நீங்கள் நம்பமாட்டீர்கள். என் வாழ்க்கையிலேயே சந்தோசமான மாதங்கள் அவைதான். எவ்வளவு காலம் தனியாகச் சாப்பிட்டவன் நான். இப்போது எனக்கு ஒரு கூட்டாளி. பஸ்ஸில் போகும்போது அவன் மலாய்ப் பாட்டுப் பாடுவான். இணுவிலில் தோசைக்கு எந்தச் சம்பல் பொருத்தம் என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போய், கடைசியில் இரண்டு சம்பலையும் வாங்கித் தின்றான். காலையில் பனையிலிருந்து இறக்கிய இனிப்புக் கருப்பணி, மத்தியானம் சோறு, பின்னேரம் சர்க்கரை போட்டுக் கிண்டிய தொதல். போதும் அண்ணை என்று அவன் சொன்ன நாட்களும் உண்டு. அப்போது நான் முகத்தைக் கொஞ்சம் வாடவிடுவேன். அவன் மனம் இளகியவன். என்னை வாடவிட மாட்டான்.

மெலியத் தொடங்கினான். தாகம் எடுத்துக்கொண்டே இருந்தது. பஸ்ஸை நிறுத்தி நிறுத்தி ஒன்றுக்கு இறங்கிப் போனான். இவ்வளவு சாப்பிட்டும் ஏன் ஐயா இப்படி வத்திறார் என்று கத்தரீனா என்னிடம் கேட்டாள். இன்னும் கொஞ்சம் கூடச் சாப்பிட்டால் தேறிவிடுவான் என்றேன். அவள் என்னைப் பெரிதாக மதிப்பவள். அன்றிரவு அவனுக்கு இரண்டு நீற்றுப்பெட்டிப் பிட்டு வைத்தாளாம்.

ஐப்பசியில் சாவகச்சேரியில் பனங்கருக்கு அவன் பாதத்தைக் கிழித்தது. சின்னக் கீறல்தான். ஒவ்வொரு நாளும் நான் அதைப் பார்த்தேன். அது ஆறவில்லை. டொக்குத்தரிட்டைக் காட்டுவமே என்று கேட்டான். டொக்குத்தர் காலை வெட்டுவார் தம்பி, அதுதான் அவருக்குத் தெரிந்தது என்று சொல்லி, நானே மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டேன். மஞ்சள் புண்ணுக்கு நல்லது. யாரையும் கேளுங்கள்.

கால் கறுத்து அவன் படுக்கையில் விழுந்தபோது கத்தரீனா உப்பில்லாத கஞ்சி வைத்துக் கொடுத்தாள். நோயாளிக்கு அது என்ன சாப்பாடு? பின்னேரங்களில் நான் சோனக தெருவுக்குப் போய், சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் வாங்கி, ரின்னில் போட்டு, பேப்பர் சுற்றிக் கொண்டுபோனேன். அவள் கடையில் வேலையாக இருக்கும்போது கரண்டியால் ஊட்டினேன். பெற்ற தாய்கூட அவ்வளவு பொறுமையாக ஊட்டியிருக்கமாட்டாள். நத்தாருக்கு முதல் கிழமை போய்விட்டான். என்னோடு அவன் கடைசியாகக் கதைத்தது, "ஏலம் கொஞ்சம் கூடிப்போச்சு, அண்ணை" என்பதுதான். சரியாகச் சொன்னான். அன்றைக்கு ஏலக்காய் கூடத்தான்.

நத்தார் வந்தது. துக்கவீடு என்பதால் கடை பூட்டியிருந்தது. ஆனால் பூட்டியது அதற்காக மட்டும்தான். நான் பொறுமையாகக் காத்திருந்தேன். முந்தாநாள் கத்தரீனாவே ஆளனுப்பினாள், சாப்பிட வரச்சொல்லி.

வாங்கில் நான் மட்டுந்தான். பிட்டைக் கவிழ்த்தாள், நின்று உதிர்ந்தது. நண்டுக்கறி மூடியைத் திறந்தாள். ஐயா, அப்படி ஒரு கறியை நான் என் காலத்தில் சாப்பிட்டதில்லை. அவள் எனக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"அவர் உங்களோடை கடைசியாத் திரிஞ்ச இடங்களைச் சொல்லுங்கோ ஐயா. கேட்டால் எனக்கு ஆறுதலாக் கிடக்கும்."

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் நான் எப்படிச் சொல்லாமல் இருப்பேன்? பருத்தித்துறையில் தொடங்கி ஊர் ஊராகச் சொன்னேன். எங்கே எதை எவ்வளவு சாப்பிட்டான் என்று சொன்னேன். இன்னொரு நண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"கட்டிலுக்குக் கீழை வட்டிலப்ப ரின் கிடந்தது. மலாயாக் கூட்டாளி ஒராள் செத்தவீட்டுக்கு வந்து அவரின்ரை வருத்தத்தைச் சொன்னவர். சலரோகம் எண்டு உங்களுக்கு எப்ப தெரியும் ஐயா?"

"முதல் நாளே தெரியும், பிள்ளை" என்றேன். வாய் நிறையக் கறி இருந்தது. பொய் சொல்ல மனம் வரவில்லை.

அடுப்படி ஓலைத் தட்டிக்குப் பின்னால் இருந்து நீங்கள் எழுந்து வந்தீர்கள். தட்டை முடிக்கும்வரை பொறுத்ததற்கு நன்றி.

ஓம், ஐயா, சிமியோனைக் கொன்றது நான்தான். தெரிந்தே செய்தேன், கடை பூட்டக்கூடாது என்பதற்காகச் செய்தேன். அப்படியே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் அவள் சட்டிபானையெல்லாம் ஊராருக்குக் கொடுத்துவிட்டுத் தங்கச்சியிடம் மன்னாருக்குப் போய்விட்டாள் என்றும், அந்தக் கறி வாசம் இவ்வளவு காலமும் தனக்குக் குமட்டியதாகவும், கடை பூட்டுகிற நத்தார் எப்போது வரும் என்று காத்துக்கிடந்ததாகவும் உங்களிடம் சொன்னாள் என்றும் சொல்கிறீர்களே, அதை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். பிடிக்காமல் சமைப்பவள் கைக்கு அந்த ருசி வராது. துக்கத்தில் ஏதோ சொல்லியிருக்கிறாள். மன்னாரில் அவள் கடை திறந்ததும் எனக்கு ஆளனுப்பிச் சொல்லிவிடுங்கள்.