கரப்பான் படம் போட்ட பால் குவளை

— மோந்து பாருடா. மூக்கைப் பொத்தாத, நல்லா மோந்து பாரு.

— வேணாம் மச்சான். நாத்தம் தாங்கல.

— உனக்கே தாங்கலையா? இதுலதான் பால்காரி உம்மு நஜீப் நாலு நாளா தெருவுக்கே பால் அளந்து ஊத்தியிருக்கா! உள்ள அடிச்ச வெள்ளிப் பெயிண்டு உரிஞ்சு கிடக்கு. அடியில என்ன தெரியுது, சொல்லு.

— கரப்பான்... காலு, மீசை எல்லாம்.

— பூச்சி மருந்து டப்பாவை வெட்டிப் பால் குவளை பண்ணியிருக்கியேடா பஹ்ஜத், சீ! பாப் ஜுவைலா கோட்டை வாசல்ல இருந்து இந்தத் தெரு முனை வரைக்கும் எந்தத் தகரக்காரனாவது இப்படிப் பண்ணுவானா? ரெண்டு புள்ளைங்க வாந்தி எடுத்துப் படுத்திருக்காம். தகர விளக்கு வாங்க வந்த ஜனம் முன்னாடி, "ஷெஹாத்தா, நீயும் ஒரு மனுஷனா?"ன்னு கேட்டு, குவளையை என் காலடியில வீசிட்டுப் போறா. ரமளானுக்குப் பத்து நாள்தான் இருக்கு. இனி எவன் என் கடையில கால வைப்பான்?

— நான் வெட்டல மச்சான்.

— விளிம்பைத் தடவு. அரிசி அளவுக்கு ஒரு பல்லு தட்டுதா? போன குளிர்ல ஆணியை வெட்டி என் கத்தரி வாயை உடைச்சியே, அந்த உடைசல் பதிஞ்ச பல்லு. இந்தக் கத்தரியை நான் வெளியாளுக்குக் கொடுத்ததே இல்ல.

— கத்தரி நம்மளதுதான். கை என்னோடது இல்ல.

— குவளை வேலை யாருது? உன்னுது!

— அதைத்தான் சொல்றேன். எட்டு வருஷமா குவளை வெட்டுறேன். அச்சடிச்ச பக்கம் வெளிய, வெறும் பக்கம் உள்ள. விளக்குக்குத்தான் அச்சை உள்ள திருப்பிப் பளபளப்பை வெளிய வைப்போம். இது விளக்கு மட்டுமே வெட்டிப் பழகின கை.

— அப்ப நான்தான்ங்கிறியா? நன்றி கெட்டவனே! உன் அக்கா முகத்துக்காக உனக்குச் சோறு போட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். மூட்டையைக் கட்டு. இன்னைக்கே உன் ஊரு தந்தாவுக்கு பஸ் ஏறு.

— பால்காரி குவளை கேட்ட அன்னைக்கு நான் தந்தாவுலதான் இருந்தேன். கல்யாணத்துக்குப் போய்ட்டு வாடான்னு நீங்கதானே அனுப்புனீங்க?

— ஆமா. அப்ப கடையில வேற யார் இருந்தா?

— என்னைக் கேக்காதீங்க.

— சொல்லுடா! ஏய் சக்கிய்யா, நீ எதுக்கு இங்க வந்து நிக்கிற? உள்ள போ. இது எனக்கும் உன் தம்பிக்கும் உள்ள பேச்சு.

— அவனை விடுங்க. விளக்குக்கு வெட்டிக் குடுக்குற பழக்கத்துல நான்தான் வெட்டினேன்.

— நீயா? என் வீட்டுக்குள்ளயேவா? த்தூ! கையால தொடுறப்ப உனக்கு அருவருப்பா இல்ல?

— இருந்துச்சு. மூணு தடவை சோப்பு போட்டுக் கழுவினேன், நாத்தம் போகல. இது விஷ டப்பாங்க, இதுல போய்ப் பால் குவளையான்னு உங்ககிட்ட வந்து கேட்டேன்.

— என்கிட்டயா? எப்ப?

— விளக்குக்குக் கண்ணாடி பதிச்சுக்கிட்டு இருந்தீங்க. தலையைக்கூடத் தூக்கல. "அந்தப் பால்காரி மூஞ்சிக்குப் புதுத் தகரமா கேக்குது, அதையே வெட்டிக் குடு"ன்னீங்க.