கை மட்டும் தெரிந்தால் போதும்

கிதார் பழகுகிறவர்களால் அக்கம்பக்கத்துக்குத் தொல்லை என்று பொதுவாக ஒரு குறை உண்டு. என்மீது அப்படி ஒரு புகார் வந்ததில்லை. கம்பிகளுக்கு அடியில் ஒரு பழைய கைக்குட்டையைச் செருகிக்கொண்டுதான் பழகுவேன். அடுத்த வீட்டுக்காரரை நீங்களே விசாரியுங்கள். என்னிடம் கிதார் இருப்பதே அவருக்குத் தெரியாது.

நானும் தம்பியும் கடைகளுக்கு இரும்பு ஷட்டர் மாட்டுகிறவர்கள், பழுது பார்க்கிறவர்கள். கிரீஸும் துருவுமாகவே காலம் போகிறதே, எனக்கென்று ஒன்று வேண்டாமா என்று தோன்றியது. இணையத்தில் ஒரு கிதார் வகுப்பில் உறுப்பினராகச் சேர்ந்தேன். விரல்களாலேயே மீட்டும் ப்ளூஸ் என்ற அமெரிக்க இசை. கட்டைவிரல் தடித்த கம்பிகளில் நிற்காமல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் அவை பாட்டுக்குப் பாட வேண்டும். கேட்டால் இரண்டு பேர் வாசிப்பது போல இருக்கும். என்னிடம் மட்டும் விரல்கள் பாட ஆரம்பித்ததும் கட்டைவிரல் நின்று வேடிக்கை பார்க்கும்.

பாடம் முடிந்ததும் வாசிப்பைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். முகம் வேண்டாம், இரண்டு கைகளும் கிதாரும் தெரிந்தால் போதும் என்பது அங்கே விதி. வாத்தியார் பார்த்துவிட்டுப் பதில் எழுதுவார். எனக்கு எழுதியது எப்போதும் ஒன்றுதான்: கட்டைவிரல் மற்ற விரல்களிடம் அனுமதி கேட்கிறது, இன்னும் மெதுவாக, மறுபடியும். வளர்ந்த மனிதனிடம் எத்தனை தடவை மெதுவாக என்று சொல்வது? நான் என்ன ஓடினேனா? எனக்குப் பின்னால் சேர்ந்த பல் மருத்துவரும் பேருந்து ஓட்டுநரும் அடுத்த நிலைக்குப் போய்விட்டார்கள். நான் முதல் நிலையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். எரிச்சலாக இருந்தது. சாப்பிடும்போதுகூடக் கட்டைவிரலால் தட்டின் ஓரத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி தட்டையே மாற்றிப் பார்த்தாள்.

தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன், என் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தைப் பார்த்தான். பிறகு கிதாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"என்னண்ணே, இதுக்கா இவ்வளவு மல்லுக்கட்டறே? கட்டைவிரல வேலைக்கு அனுப்பிடு. மத்ததுங்க வீட்ல விளையாடட்டும்."

சொல்லிவிட்டு வாசித்தான். தடுமாறினான், சிரித்தான், மறுபடி வாசித்தான். அன்று மாலைக்குள் அவன் கட்டைவிரல் யாரையும் எதுவும் கேட்காமல் நடந்துகொண்டிருந்தது. சமையலறையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்.

"இன்னிக்குத்தாங்க உங்களுக்கு நல்லா வந்திருக்கு."

அவள் பொல்லாதவள் அல்ல. தெரியாமல் சொன்னாள். ஆனால் இத்தனை மாதத்தில் அவள் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான், அப்போது நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் இருவருக்கும் அப்பாவின் கை. அகலமான உள்ளங்கை, முட்டி பெருத்த விரல்கள், நகக்கண்ணில் ஒரே கிரீஸ். பார்த்துப் பழகிக்கொள்கிறேன் என்று சொல்லி அவன் வாசிப்பதைப் படம் பிடித்தேன். அனுப்பவேண்டும் என்று அப்போது நினைக்கவில்லை. அனுப்பும்போது நினைத்தேன். வாத்தியார் முதல்முறையாக நீளமாக எழுதினார். இந்தக் கையின் பொறுமையைப் பாருங்கள் என்று மற்ற உறுப்பினர்களுக்கும் காட்டினார். எங்கெங்கிருந்தோ வாழ்த்துகள் வந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பட்ட பாட்டுக்குக் கூலி கிடைத்ததே என்றுதான் இருந்தது. அதன்பிறகு தம்பி ஞாயிறுதோறும் வந்தான். நானும் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நிலையைத் தாண்டியபோது, எல்லா உறுப்பினர்களும் பார்க்க நேரலையில் வாசிக்கும்படி வாத்தியார் அழைத்தார். கேமரா பழுது என்றோ, ஊருக்குப் போகிறேன் என்றோ சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் இருந்தேன். ஆனால் அந்த வாரமே தம்பி முகமெல்லாம் பல்லாக வந்து நின்றான்.

"அண்ணே, நானும் அந்த வகுப்புல சேர்ந்துட்டேன். நாளைக்கு என் மொத வீடியோவ அனுப்பப் போறேன். அப்புறம் ரெண்டு பேரும் சேந்தே வாசிக்கலாம், என்ன சொல்றே?"

"நல்லது" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும். அந்தக் கையை வாத்தியார் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். அவனிடம் என் காணொளிகளைக் காட்டுவார். ஊர் சிரிப்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இவன் சிரிக்காமல், பரவால்ல விடுண்ணே என்று தோளைத் தட்டுவான். அதை என்னால் தாங்க முடியாது.

மறுநாள் ஒரு துணிக்கடையில் வேலை. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டால் ஷட்டரைத் தாங்க ஒன்றும் இருக்காது, மொத்தப் பாரமும் இறங்கும். அதனால் அடியில் ஒரு கட்டையை முட்டுக் கொடுப்போம். கட்டையை எடுத்தபின் தூக்கிப் பிடித்திருப்பவன் "விடறேன்" என்பான். கீழே இருப்பவன் கையை எடுத்துக்கொண்டு "விடு" என்பான். அந்த "விடு" காதில் விழாமல் யாரும் விடுவதில்லை. தொழிலுக்கு வந்த அன்றே தம்பிக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

"கட்டை வண்டில கெடக்கு, எடுத்துட்டு வரவா?" என்று அவன் கேட்டான்.

"ஒரு நட்டுதானேடா. நான் புடிச்சிருக்கேன், முடி."

அவன் குந்தி உட்கார்ந்தான். இடது கையில் ஸ்பேனர். வலது கையை அடிச்சட்டத்துக்குக் கீழே கொடுத்து நட்டைப் பிடித்துக்கொண்டான். வாயில் வகுப்புப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். ஸ்பேனரைத் திருப்புவதுகூட அந்தத் தாளத்தில்தான் இருந்தது.

நான் "விடறேன்" என்று சொன்னேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். சத்தமாகச் சொல்லவில்லை. அவன் "விடு" என்று சொல்லவும் இல்லை. அவனுடைய கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் விட்டேன்.

ஷட்டரை மறுபடி தூக்கியதும் நான்தான். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நான்தான். கை நழுவிவிட்டது என்று நான் சொன்னதை அவன் நம்பினான். பாவம், நீ என்னண்ணே பண்ணுவே என்று எனக்கே ஆறுதல் சொன்னான். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டைவிரல் இருக்கிறது, ஆனால் மடங்காது என்று மருத்துவர் சொன்னார்.

கட்டுப் போட்ட கையைப் படம் பிடித்து, விபத்து, இனி வாசிக்க முடியாது என்று வகுப்பில் எழுதினேன். அது பொய்யல்ல. உறுப்பினர்கள் உருகிவிட்டார்கள். பல் மருத்துவர் உடற்பயிற்சிகள் அனுப்பினார். வாத்தியார் எனக்காகவே ஒரு பாட்டு வாசித்துப் போட்டார். தம்பி படுக்கையில் பொழுது போகாமல் இடது கையால் போனை நோண்டியபோது வகுப்பில் அந்தப் படத்தையும் என் பழைய காணொளிகளையும் பார்த்திருக்கிறான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. ஸ்டேஷனுக்குப் போன் போட்டு உங்களிடம்தான் பேசியிருக்கிறான்.

தெரிந்து செய்ததா என்று கேட்டீர்கள். ஆமாம், தெரிந்துதான் விட்டேன். அவன் கெட்டுப்போக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. என் மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் கோபம் எனக்குப் புரிகிறது. புரியாதது ஒன்றுதான். முகம் தெரியாத அத்தனை பேர் தினமும் விசாரிக்கிறார்கள், என் வீட்டில் மட்டும் இன்றுவரை ஒருவர்கூட என் கை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.