அன்பர்கள் என்றொரு ஃபில்டர்

ஜூன் மாதத்து டில்லியில் ஏ.சி. மெக்கானிக்குக்குக் கிடைக்கும் மரியாதை புது மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைக்காது. கௌதமன் சார், நீங்கள் தலைமை அலுவலகத்தில் குளுகுளுவென்று உட்கார்ந்து விசாரிப்பவர். இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாம் என்று நீங்கள் சொன்னது எனக்குப் பெரிய சௌகரியம்.

நம் கம்பெனி போன வருஷம் கிளைக்கு ஓர் ஏஐ ஏஜென்டைக் கொடுத்ததல்லவா, அதை நாங்கள் முன்ஷிஜி, அதாவது கணக்குப்பிள்ளை, என்று கூப்பிடுகிறோம். எப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் வேண்டும் என்று ஒரு தடவை விவரமாகச் சொல்லி, அதை ஃபில்டராகச் சேமித்து, ஒரு பெயரும் வைத்துவிட்டால் போதும். பிறகு பெயரைச் சொன்னாலே அத்தனை பேரின் பதிவுகளையும் எடுத்து நீட்டும். சர்வீஸுக்கு நாள் குறி என்றால் குறிக்கும், செய்தி அனுப்பு என்றால் அனுப்பும். ஏன் எதற்கு என்று கேட்காது. அப்படி ஒரு ஆள் எங்கள் கிளையில் அதுவரை இருந்ததில்லை.

எங்கள் குடியிருப்பில் பெரும்பாலும் சர்க்கார் உத்தியோகத்தில் ரிடையர் ஆன தமிழர்கள். எல்லா வீட்டு ஏ.சி.க்கும் நம் கம்பெனி ஒப்பந்தம்தான். சேஷன் சொன்னால் மறுபேச்சு கிடையாது என்று எனக்கு அங்கே ஒரு பெயர். கீழே ஒரு ஹால் சும்மா கிடக்கிறது. தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பை இடித்த பிறகு, எங்கள் வீட்டில் வேலை செய்த செங்கம்மாளுக்கு நரேலாவில் வீடு கொடுத்தார்கள். அவள் மகள் கனிமொழி அங்கிருந்து தமிழ்ப் பள்ளிக்கு வருவதென்றால் பாதி டில்லியைத் தாண்ட வேண்டும். பத்தாம் வகுப்பு வேறு. அவளும் அவளைப் போன்ற சில பெண்களும் பரீட்சை முடியும்வரை அந்த ஹாலில் தங்கட்டும் என்று குடியிருப்புச் சங்கத் தலைவி வசுமதி மாமி வாக்கெடுப்பு வைத்தார்.

"சார், நீங்கதான் நாலு பேருகிட்ட எடுத்துச் சொல்லணும். எடம் கெடைக்கலன்னா புள்ளய நிறுத்திருவேன் சார், வேற வழியில்ல" என்றாள் செங்கம்மாள்.

"பார்க்கலாம்மா" என்றேன். பார்க்கவும் செய்தேன்.

அந்தப் பெண்கள்மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. குடியிருப்பின் ஒழுங்குதான் என் கவலை. ஹாலை ஒட்டித் தகரக் கூரை போட்ட இடம் ஒன்று உண்டு. அங்கே அடுப்படி கட்டுவதாகத் திட்டம். அந்த நிழலில் ஒரு கார் நிற்பது வழக்கம். யார் காராக இருந்தால் என்ன, வழக்கம் வழக்கம்தானே. சரி, என் கார்தான்.

வாட்ஸாப் குழுவில் மாமி விஷயத்தைப் போட்டதும் சம்மதம் என்று கட்டைவிரலை நீட்டியவர்களைக் கவனித்தேன். முதல் கட்டைவிரல் என் மனைவி வத்சலாவுடையது. வீடும் ஏ.சி. ஒப்பந்தமும் அவள் பெயரில் இருக்கின்றன, ஓட்டும் அவளுக்கே. நீட்டிய வீடுகளை எல்லாம் முன்ஷிஜியிடம் சொல்லி ஃபில்டராகச் சேமித்து, 'அன்பர்கள்' என்று பெயர் வைத்தேன். நல்லவர்கள், வேறு எப்படி அழைப்பது.

வாக்கெடுப்பு ஞாயிற்றுக்கிழமை காலை. அன்பர்கள் அனைவருக்கும் அதே காலையில் இலவச சர்வீஸ். ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே நேரில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் முறை கடைசிக்குப் போய்விடும் என்று செய்தி போயிற்று. வெளியே அனல் அடித்துக்கொண்டிருந்தது. யார் வீட்டைவிட்டு நகர்வார்கள்?

வத்சலா மெக்கானிக்குக்காக எலுமிச்சம்பழம் பிழிந்து நிம்பு பானி கலந்து வைத்துவிட்டு, வாசலுக்கும் பால்கனிக்குமாக நடந்தாள்.

"ஏன்னா, உங்க கம்பெனி ஆள்தானே, ஜல்தி வரச்சொல்லுங்கோளேன். நான் ஓடிப்போய் ஓட்டைப் போட்டுட்டு வந்துடறேன். பாவம், அந்தப் பொண்ணு காத்துண்டிருக்கும்."

"கிளம்பிட்டானாம். ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு நான் கீழே போனேன்.

கனிமொழி ஹாலைப் பெருக்கி நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தாள். பாதி நாற்காலிகள் காலி. சில பிடிவாதக்காரர்கள் மெக்கானிக் போனால் போகட்டும் என்று வந்துவிட்டார்கள். எனக்கே கொஞ்சம் திக்கென்றது. கடைசியில் தீர்மானம் ஒரே ஓட்டில் தோற்றது. வத்சலா வந்திருந்தால் சமமாகியிருக்கும். சமமானால் முடிவு தலைவி கையில். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வீட்டுக்கு வந்து அந்த நிம்பு பானியைக் குடித்தேன். பிறகு, மெக்கானிக் வர இயலவில்லை, வருந்துகிறோம் என்று அன்பர்கள் எல்லாருக்கும் செய்தி அனுப்பும்படி முன்ஷிஜியிடம் சொன்னேன். மரியாதை முக்கியம்.

என் தவறு ஒன்றுதான். அந்த ஃபில்டரை அழிக்காமல் விட்டேன், அதுவும் கிளையில் எல்லாரும் பார்க்கும்படி. கிளையில் தள்ளுபடிகளைக் கவனிக்கும் அம்பிகா, பெயரைப் பார்த்து நம் விசேஷ வாடிக்கையாளர்கள் என்று நினைத்து, தீபாவளித் தள்ளுபடியை அவர்களுக்கு மட்டும் அனுப்பிவிட்டாள். தள்ளுபடி ஏன் ஒரே குடியிருப்புக்கு மட்டும் போனது என்று நீங்கள் தோண்டினீர்கள். ஜூன் மாத ஞாயிறு வெளியே வந்தது. தள்ளுபடி கிடைத்ததில் வத்சலாவுக்கு ஏக சந்தோஷம். அவளிடம் மட்டும் எதுவும் சொல்லிவிடாதீர்கள்.

படிப்பைக் கெடுத்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். நரேலாவிலிருந்து தினம் வந்துபோக முடியாமல் செங்கம்மாள் வேலையை விட்டு நின்றுவிட்டாள். அவளுக்குப் பதிலாகக் கனிமொழி இப்போது எங்கள் வீட்டிலேயே தங்கி வேலை செய்கிறாள். ஹால் கிடைக்கவில்லையே தவிர, தங்க இடம் கொடுத்தவன் நான்தான். இதையும் உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்று காலை தகரக் கூரையின் கீழே என் காரைத் துடைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்:

"சார், வரேன்னு சொன்னவங்க எல்லாம் அன்னிக்கு ஏன் சார் வரல?"

"வெயில்மா" என்றேன்.

யோசித்துப் பாருங்கள், அதில் பொய் ஒன்றும் இல்லை.