குலசையில் ஒரு ஆமென்

– உக்காரும் எலியேசரு. காப்பி போடச் சொல்லிருக்கேன். காதுக்குப் பின்னால என்னவே மினுங்குது?

– எங்க, நேசையா சார்?

– அங்கனதான். ஜிகினா மாதிரி...

– அது... தூத்துக்குடில ஒரு கல்யாணம் சார். ஜிகினாத் தாளு தூவுனாங்க. நீங்க ஏன் கழுத்தச் சொறிஞ்சுக்கிட்டே இருக்கிய?

– வேர்க்குரு. அத விடும். எம்மவ ஜெபசெல்வியப் பொண்ணு கேட்டு வந்திருக்கீரு. ஒமக்கு வேல என்னவே?

– வயலின் சார். நீங்க பாடுத சர்ச் கொயர்லயே நாலு வருசமா வாசிக்கேன்லா.

– அது ஞாயித்துக்கிழம. மத்த நாளு?

– கூப்பிட்ட எடத்துல சார். நாங்குநேரி கோயில்ல பாட்டுக் கச்சேரி. சம்மணம் போட்டு, வயலின காலுல ஊனி வாசிக்கணும். மறுநாளு பாளையங்கோட்டைல கல்யாண ஆராதனை. அங்கன நின்னுக்கிட்டு, நாடிக்குக் கீழ வைக்கணும். அப்புறம் காஜா முகைதீன் பாய் மெல்லிசைக் குழு. அங்கன குதிச்சுக்கிட்டே வாசிக்கணும்.

– குதிச்சா?

– கீபோர்டுலயே வயலின் சத்தம் வந்துருச்சு, நீ சும்மா நின்னா ஒன்ன எதுக்குக் கூப்பிடணும்னு கேக்காரு பாய்.

– நல்லாருக்குவே பொழப்பு! எங்க வீட்டம்மா கேட்டா முடிஞ்சுது. நான் ரேடியோவுல சினிமாப் பாட்டு வச்சாலே முறைப்பா. அவ சரின்னாத்தான் இந்தச் சம்பந்தம், பாத்துக்கிடும்.

– அதான் சார் பயமா இருக்கு. ஜெபசெல்வியும் அதேதான் சொல்லுதா.

– சொல்லுதாளா? ஒம்மகிட்டயா? எப்ப?

– இல்ல... பொதுவா... கொயர்ல...

– ம்ம். முந்தாநாளு, தசராவுக்கு எங்கன இருந்தீரு?

– தசராவுக்கா? பாய் குழுவோட திருச்செந்தூரு பக்கம் ஒரு கச்சேரி.

– திருச்செந்தூரு பக்கம்னா... குலசேகரன்பட்டினமோ?

– அது... அந்தப் பக்கம்னும் சொல்லலாம்...

– குலசையில வேஷம் கட்டி ஆடுத ஒரு தசரா செட்டுல, ராணி வேஷம் போட்டு ஒருத்தன் வயலின் வாசிச்சானாம். கிரீடம், உதட்டுச்சாயம், ஒட்டியாணம். கடக்கரையே ஆடுச்சாம்.

– எவனாவது இருப்பான் சார். ஊருல எத்தன வயலின்காரன்...

– இரும்வே. அம்மன் பாட்டு முடிஞ்சுது. மேளம் நின்னுது. ராணி மட்டும் நிறுத்தல. ரெண்டு சுரத்த எடுத்து, நீட்டி, பைய இறக்குனா. ஆ... மென்.

– ஐயோ!

– அம்மன் பாட்டுக்கு ஆமென் போடுத ராணி இந்த ஜில்லாவுல எத்தன பேருவே?

– கை தானாப் போயிருச்சு சார்! சின்னப் புள்ளையிலேர்ந்து ஒவ்வொரு ஞானப்பாட்டு முடிவுலயும் ஆமென் வாசிச்ச கை. பாட்டு நின்னதும் அது பாட்டுக்கு...

– அப்ப ராணி நீருதான்.

– நாந்தான். சார், முடியாதுன்னு மட்டும் சொல்லிராதிய. ஜெபசெல்வி இல்லாம எனக்கு எதுவுமே இல்ல. வேணும்னா பாய் குழுவ விட்டுருதேன். கச்சேரியக்கூட விட்டுருதேன்.

– வயலின?

– ...அது முடியாது சார்.

– ம்ம்.

– கோவமா சார்?

– யோசிக்கேன்வே. பேசாம இரும்.

– ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். நான் ஆமென் வாசிச்சத ஒங்களுக்கு யாரு சொன்னா?

– போனவங்க சொன்னாங்க.

– பைய இறக்குனதக்கூடவா?

– விவரமாத்தான் சொன்னாங்க. அதுக்கென்ன இப்ப?

– இல்ல சார்... நான் ஆமென் இழுக்கவும், கூட்டத்துல ஒரு கரடி வேஷம் கூடச் சேந்து பாடுச்சு.

– கரடி பாடுமா? வெயில்ல நின்னு மண்ட கொழம்பிருச்சு ஒமக்கு.

– பாடுச்சு சார். நம்ம கொயர்ல கீழ பாடுவாகள்லா, பேஸ் குரலு, அதுல பாடுச்சு. அடித்தொண்டையில ஆரம்பிச்சு, கடைசில மட்டும் சுதி லேசா இறங்கி...

– எங்கவே இறங்குச்சு? சரியாத்தான நின்னேன்!

– சார்!

– சிரிக்காதீரும்.

– நாலு வருசமா ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம அந்தக் கடைசி சுரத்தக் கேக்கேன் சார், எனக்குத் தெரியாதா? கழுத்துல வேர்க்குருவா, கரடித்தோலு அரிப்பா?

– சரிவே! மருமவனா வரப்போறவன் எங்கன சுத்துதான்னு ஒரு அப்பன் பாக்க வேண்டாமா? அடையாளம் தெரியக்கூடாதுன்னு தோல வாடகைக்கு எடுத்தேன்.

– பாக்க வந்தவரு எதுக்கு சார் ஆடுனிய?

– அந்த மேளத்துக்குக் கரடி சும்மா நிக்குமாவே? நீரு வேற அந்த இழுப்பு இழுக்கீரு. காலு கேக்கணும்லா.

– அத்தன வேஷத்துலயும் கரடிதான் சார் டாப்பு. பாய்கூட அந்தக் கரடி யாருன்னு தேடிக்கிட்டு இருந்தாரு.

– நெசமாவா? தேடுனாரா? என்ன சொன்னாரு?

– அடுத்த வருசமும் வேணும்னாரு.

– அட! பாப்போம், பாப்போம்.

– சார்... வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?

– அது... அத விடும்.

– சரி சார். இன்னொரு சந்தேகம். ஆமென் போடும்போது கீழ நீங்க பேஸ். மேல ஒரு பொம்பளக் குரலும் கேட்டுச்சு. கணீர்னு, சுதி பிசகாம. திரும்பிப் பாத்தா, ஒங்க பக்கத்துல பெரிய மீச வச்சு லத்தியச் சுத்திக்கிட்டு ஆடுன போலீஸ் இன்ஸ்பெக்டரு. அது யாரு சார்?

– சத்தம் போடாதீரும்வே... உள்ள காப்பி ஆத்திக்கிட்டு நிக்கா. ஒம்ம அத்த.